வெயிலான் படங்கள், என் வரிசையில்

அவன் பெயர் கோ வெய் லாம்.
பீடோங் தோட்டங்களில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.
வெயிலான்.
பால்மர நிழலிலேயே பொழுது போகிறவர்களுக்கு
அது தூரத்துச் சொந்தக்காரன் பெயர் மாதிரி இருந்தது.

படங்களுக்கும் நாங்களே பெயர் வைத்தோம்.
அட்டையில் சீன எழுத்து. ஆ ஹெங் கடையில் கேட்டால்
"எல்லாம் நல்ல அடி, கொண்டு போ" என்பான்.

முதலில் மூன்றாம் இடம்:
ஏணிச் சண்டை.
மூங்கில் ஏணி ஒன்று, ஆட்கள் பதினொன்று.
அவன் ஏணியில் ஏறவேயில்லை.
ஏணியைத்தான் ஏற்றினான், அவர்கள் மேல்.
மறுநாள் கோயிலுக்குச் சுண்ணாம்படிக்கும் ஏணி உடைந்தது,
சிங்காரவேலுவின் முன்பல்லும்.

நான்காவது, நொண்டிக் குடை.
சொல்ல வெட்கம்தான். கதை கிடையாது,
கதாநாயகிக்குப் படம் முழுக்கப் பல்வலிக்காரி முகம்.
ஆனால் மழையில் அவன் குடையை மடக்கும்
அந்த ஓர் அசைவு!
ஐம்பத்தாறு வயதில், செம்பனை ஆலையின்
எடைமேடைக் கொட்டகைக்குள் நுழையுமுன்
நான் இன்னும் அப்படித்தான் மடக்குகிறேன்.
லாரிக்காரர்கள் மேல் தண்ணீர் தெறிக்கும்.
மன்னிப்புக் கேட்பதில்லை.

கடைசியாக வந்த இரண்டும் கணக்கில் இல்லை.
அதில் உதைப்பது அவன் காலே அல்ல.
கணுக்காலைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

சரி, முதலிடம்.

தோட்டத்துக் கிளப்பில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி.
தலைக்கு இருபது காசு.
அடியில் ஓடும் மலாய் எழுத்தை
உரக்கத் தமிழில் சொல்வதற்கு
மூன்றாம் படிவத்தில் இருந்த என்னை
முன்னால் உட்கார வைத்தார்கள்.
எனக்கு இலவசம். கூடவே ஒரு பொட்டலம் கச்சான் பூத்தே.
எழுத்து ஓடும் வேகத்தில் பாதி போய்விடும்.
போனதை நானே இட்டுக்கட்டினேன்.
யாரும் குறை சொன்னதில்லை.

அந்தப் படத்துக்கு முதல் பத்து நிமிடம் இல்லை,
ஆ ஹெங்கின் இயந்திரம் தின்றுவிட்டது.
எடுத்த எடுப்பில் ஒரு முற்றம். படிக்கட்டில் முதலாளி.
வெயிலான் இடது முழங்காலைத் தூக்கி
உள்ளங்கையை நீட்டி ஏதோ கேட்கிறான்.
கீழே இரண்டே சொல், மினுங்கி மறைந்தது.
நான் சொன்னேன்:
"சம்பளம் எங்கே?"

கிளப்பு ஒரு நொடி மூச்சு விடவில்லை.
பிறகு பெஞ்சுகளே எழுந்துவிட்டன.
படம் முடிவதற்குள் இன்னும் ஐந்து தடவை கேட்டான்.
கடைசித் தடவை நான் வாய் திறக்குமுன்
மொத்தக் கிளப்பும் சொல்லிவிட்டது.

சம்பள நாளன்று, டிராக்டர் ஓட்டும் அந்தோணிமுத்து
கிராணியின் மேசை முன்னால் நின்று
இடது முழங்காலைத் தூக்கினார்.
உள்ளங்கையை நீட்டினார்.
வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.
பிடித்துக்கொண்ட எட்டு வெள்ளி திரும்பி வரவுமில்லை.
கிராணி நாற்காலியைக் கொஞ்சம்
பின்னால் நகர்த்தினார்.
அதை எல்லாரும் பார்த்தோம்.

போன மாதம் அதே படம், கைப்பேசியில், முழுசாக.
முதல் பத்து நிமிடத்தில் சீனச் சதுரங்கம் ஆடுகிறார்கள்.
ஒரு காயைக் காணோம்.
வெயிலான் முற்றத்துக்கு வருகிறான்.
முழங்கால். உள்ளங்கை.
மானா காஜா?
யானை எங்கே?

காஜி என்றால் சம்பளம்.
காஜா என்றால் யானை, நம்ம கஜம்தான்.
மாறியது தேய்ந்த டேப்பாலா, என் கண்ணாலா,
அன்று சாயங்காலம் அப்பா விளக்கடியில்
திருப்பித் திருப்பிப் பார்த்த சம்பளச் சீட்டாலா,
இத்தனை வருஷம் கழித்து யார் சொல்வது?

அந்தோணிமுத்து இப்போது சுங்கைப் பட்டாணியில்,
மகள் வீட்டில், நான்காம் மாடியில்.
பெருநாளுக்குப் போனேன். முறுக்கு கொடுத்தார்.
யானையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
வாசலில் வழியனுப்பும்போது, சுவரைப் பிடித்துக்கொண்டு,
வலி உள்ள முழங்காலையே தூக்கிக் காட்டினார்.

இரண்டாம் இடம் விட்டுப்போனதே என்பீர்கள்.
அது அந்த முழுப் பிரதிக்கு.
சண்டை அதில் இன்னும் தெளிவு.