திறப்பு

சார்ஜென்ட் அவென்யூ சலவைக்கடையில்
நான்காம் எண் எந்திரத்துக்குள் ஏதோ கிணுங்குகிறது.
யாரோ பையில் விட்ட காசு, என்கிறான் மரியநேசன்.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
வின்னிபெக்கின் சனி இரவுகளை
நாங்கள் மூவரும் இப்படித்தான் வெளுக்கிறோம்.

துணி மடிக்கும் மேசைமேல் தர்மினியின் மடிக்கணினி.
அதில் அவள் கட்டிய பதினேழாவது லெவல்:
சாம்பல் தரை,
தள்ளினால் நகரும் பெட்டி ஆறு,
தள்ளினாலும் நகராதது ஒன்று.
ஒவ்வொரு பொருளின் தலைமேலும் அதன் பெயர்,
ஆட்டத்தைச் செய்தவர்களுக்கு
வாசிக்கத் தெரியாத எழுத்தில்.

ஒரு பெயருக்கு எட்டு இடம்தான் உண்டு.
கொம்புக்குத் தனிக் கணக்கு,
புள்ளிக்குத் தனிக் கணக்கு.
நமக்கு நான்கெழுத்துத் தண்ணீர்
அதற்கு ஏழு.
நாற்காலி சரியாக எட்டு, சாய இடமில்லை.
வெளிச்சம் ஒன்பது.
கடைசிப் புள்ளி வெளியில் நின்றுவிட
'வெளிச்சம' என்று எரிகிறது
அவளுடைய விளக்கு.

முதலில் ஆடியது நான்.
மூலையில் ஒன்று 'வாங்கு' என்றது.
பக்கத்தில் போய் நின்றேன்.
நின்றேன்.
ஒருவரும் ஒன்றும் தரவில்லை.
"அது இருக்கிறதுக்கு!" என்று
மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தாள் தர்மினி.
"பெஞ்ச்" என்றான் நேசன்.
எங்கள் திருமங்கலத்தில் வாங்கு என்றால்
காசைக் கொடு, பையைப் பிடி, சில்லறையை எண்ணு.
உட்கார நேரம் ஏது?

பிறகு வந்தது 'திறப்பு'.
சுவரோரம் மஞ்சளாக மினுங்கியது.
வழி என்று நினைத்தேன்.
சுவரில் விட்ட துளை, அப்பால் இன்னோர் அறை.
துளை இருந்தால் அடைக்கத்தானே பெட்டி?
மூன்றாம் பெட்டியை அதற்குள் தள்ளினேன்.
பெட்டி அதைத் தள்ளியது,
அது கதவில் போய் இடித்தது,
கதவு திறந்தது.
நான் எதையும் கையில் எடுக்கவே இல்லை.

அவள் நினைத்து வைத்த விடைக்கு
நூற்றுப்பன்னிரண்டு நகர்வு.
எனக்குப் பத்தொன்பது.

"என்ன செய்தனீ?"
"திறப்புக்குள்ள தள்ளினேன்."
"திறப்பை எடுக்கேல்லையா?"
"எதை எடுக்க?"
சலவைத்தூள் ஒட்டிய கையால்
நெற்றியில் அடித்துக்கொண்டான் நேசன்.
"சாவி! அவள் சொல்லுறது சாவி."

அதன்பின் சண்டை.
சாவி எண்டால் சாவு மாதிரிக் கிடக்கு, என்றாள் அவள்.
திறப்புன்னா மந்திரி வந்து ரிப்பன் வெட்டுவாரு, என்றேன் நான்.
பெயரையே எடுத்துவிடு, படம் போதும், என்றான் நேசன்.
இரண்டு பேரும் அவனை முறைத்தோம்.
சரி, அந்த நகராத பெட்டியைக்
கொண்டுபோய்க் கதவடியில் வை,
இவள் வந்த வழி அடைபடும், என்றான்.
அதுதான் நியாயம். நானும் சொன்னேன்.

தர்மினி பெட்டியைச் சுட்டிக் கொண்டுபோனாள்.
கதவருகில் நிறுத்தினாள்.
திரும்ப எடுத்தாள்.
உலர்த்தி ஒன்று ஓய்ந்து,
யாருடையதோ ஒற்றைக் காலுறை
கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தது.
"விடு," என்றாள் கடைசியில்,
"எடுத்தவைக்கு ஒரு நட்சத்திரம்,
எடுக்காதவைக்கு ஒண்டு."
லெவலின் பெயரை அழித்து
என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள்.
அதற்கு ஓர் இடம் போதும்.

பதினொன்றரைக்குக் கடைசி பஸ்.
கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டே கேட்கிறாள்:
"வீட்டுத் திறப்பு ஆரிட்ட?"

என்னிடம்தான்.
மேற்சட்டையைத் தட்டுகிறேன், இல்லை.
கால்சட்டை...
அந்தக் கால்சட்டை
நான்காம் எண்ணில் சுழல்கிறது,
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
கிணுங்கிக்கொண்டு.

கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறான் நேசன்.
துவைத்து முடியும்வரை பூட்டியே இருக்கும்.

உள்ளே திறப்பு.
திறப்புக்கு இன்னும்
பதினான்கு நிமிடம்.