மொத்தம் நூறு வரவேண்டும்

கச்சேரியிலிருந்து வந்த படிவத்தில்
மூன்று பெட்டிகள்:
நகரம், கிராமம், நீர்.
எல்லாம் சதவீதத்தில்.
மொத்தம் நூறு வரவேண்டும் என்று
அடியில் சிவப்பு மையில் ஒரு வரி.

நகரத்தை எழுதுவது லேசு.
மணிக்கூட்டுச் சந்தி, இரண்டு வங்கி,
மீன் சந்தையின் ஈரத் தரை,
பிறகு கொத்துரொட்டிச் சத்தம் கேட்கும் தூரம் வரை.
நான்கு.

கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனேன்.
மதில் வேலியானது,
வேலி முள்ளுக்கம்பியானது,
முள்ளுக்கம்பி யானைக்குப் போட்ட மின்கம்பியானது,
அது அறுந்து கிடந்த இடத்தில்
எங்கள் பிரிவு முடிந்தது.
யானைகளுக்கு அங்கேதான் தொடக்கம்.
இடையில் வட்டைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வழக்கு.
வரைபடத்தில் எல்லாமே ஒரே பச்சை.
உறுதிகளின்படி எழுபத்தொன்று.

இரண்டாம் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்:
பாதைகளின் மொத்த நீளம்?
எங்களுக்குப் பாதை என்றால்
இயந்திரம் பூட்டிய இரும்பு மிதவை.
ஆசிரியைகள், சீமெந்துப் பை, ஒரு கிடாரிக் கன்று,
எல்லாரும் நின்றபடி வாவியைக் கடப்பார்கள்.
முப்பத்தாறு அடி என்று எழுதி
மறுகா வெட்டிவிட்டேன்.

கந்தோர் எழுவான்கரையில்.
என் வீடு படுவான்கரையில்.
அங்கே ஒருவர் செத்தால்
சூரியன் எழும் பக்கம் வந்துதான்
பத்திரம் எடுக்க வேண்டும்.

நீருக்கு வந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது.
பதினொரு நாள் மழை.
பாலத்தின் தூணில் கீறிய அளவுக்கோடு
மூன்றாம் நாளே காணாமல் போனது.
கமக்காரர் சங்கச் செயலாளர் பூபாலப்பிள்ளை
விடிய நான்கு மணிக்கு போனில்:
"வட்டைக்குள்ள தண்ணி நெஞ்சு மட்டும் நிக்கிது,
முகத்துவாரத்த வெட்டச் சொல்லுங்க."
ஐந்து மணிக்கு உதுமாலெப்பை:
"இப்ப வெட்டினா இறாலெல்லாம் கடலுக்குப் போயிரும்.
பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்க புள்ள."
ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ:
"மூன்றாம் வார்ட்டுப் படியில் தண்ணீர்."

நான் காணிப் பயன்பாட்டு உத்தியோகத்தர்.
வெட்டு என்று சொல்லவும்
வேண்டாம் என்று சொல்லவும்
எனக்கு முத்திரை இல்லை.
ஆனாலும் எல்லாரிடமும் என் இலக்கம் இருக்கிறது.

அன்றிரவு மணல் மேட்டில் பெக்கோ இறங்கியது.
முதலில் ஒரு சின்ன வாய்க்கால்,
சிறுவன் ஒருவன் தாண்டி விளையாடினானாம்.
விடியும்போது
அதில் பஸ் விழுந்தாலும் தெரியாது.
வாவி செம்மண் நிறத்தில் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஒரே இரவில் எங்கள் பிரிவுக்கு நிலம் கூடிற்று.
யாரும் வாங்கவில்லை, யாரும் விற்கவில்லை.
ஆதம்பாவாவின் மாடுகள்
வரைபடத்தில் நீலமாயிருந்த இடத்தில்
தலை குனிந்து நின்றன.

உதுமாலெப்பை கந்தோருக்கு வந்தார்.
நட்டஈட்டுப் படிவம் கேட்டார்.
வெள்ளத்துக்கு உண்டு.
வற்றியதற்கு இல்லை.
கொஞ்ச நேரம் வாங்கில் இருந்துவிட்டுப் போனார்.
அவர் கால் வைத்த இடத்தில் மணல்,
நான் கூட்டவில்லை.

கணக்குப் பார்த்தேன்.
கார்த்திகை நீரைப் போட்டால் நூற்றெட்டு.
ஆவணி நீரைப் போட்டால் தொண்ணூற்றொன்று.
பணிப்பாளர் கூப்பிட்டார்:
"தங்கச்சி, நூறு வரவில்லையே."
"எந்த மாதத்து நூறு, சேர்?"
மறுமுனையில் மின்விசிறிச் சத்தம்.
பிறகு,
"போன வருஷம் எழுதினதையே எழுதுங்க."

இருபத்தைந்து என்று எழுதினேன்.
கையெழுத்து, திகதி, முத்திரை.

மாலையில் பாதை ஓடவில்லை.
கரைக்கு அறுபது யார் இருக்க
அடி தட்டி, சேற்றில் சாய்ந்து நின்றது.
சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
நீர் என்று நான் எழுதிய இடம்
முழங்காலைப் பிடித்தது,
சூடாக,
விட மனமில்லாத மாதிரி.

மிதவையிலிருந்து நேசராசா கத்தினார்:
"இடப்பக்கமா வாங்க மிஸ்,
அங்கால இன்னும் ஆறு கிடக்கு."