இருநூற்றுப் பதினேழாம் வரிசை

மாலை நாலரைக்கு மேல்தான் இந்த வேலை.
நாளை விரியப்போகும் மொட்டை
இரண்டு விரலிடுக்கில் பிடித்து
இடுக்கி முனையால் இதழைக் கீறி
உள்ளே சுருண்டிருக்கும் மகரந்தப் பைகளை
ஒவ்வொன்றாக எண்ணி எடுக்க வேண்டும்.
பத்து.
ஒன்பது சேர்ந்திருக்கும், ஒன்று தனியாக நிற்கும்.
எண்ணிக்கை தப்பினால்
பயறு தன்னைத் தானே மணந்துகொள்ளும்,
அடுத்த பட்டத்தில்தான் நமக்குத் தெரியவரும்.

நூறு மொட்டுக்குச் சிவப்பு நூல் கட்டினோம்.
பதினோரு காய் தங்கியது.
நாற்பத்தாறு மணி.
ஒரு கையில் மூடிக்கொள்ளலாம்.

முதல் தலைமுறை
சீருடை போட்ட பிள்ளைகள் போல ஒழுங்காக நின்றது.
இரண்டாவதில் எல்லாம் அவிழ்ந்தது.
பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த குடும்பம் மாதிரி
ஒன்று உயரத்தை எடுத்துக்கொண்டது
ஒன்று பளபளப்பை,
ஒன்றுக்குக் காயெல்லாம் ரோமம்,
ஒன்று முப்பதாம் நாளே பூத்து நின்றது,
இன்னொன்று மஞ்சள் தேமலில்
குருத்து முதல் வெளுத்து
யாருக்கும் எதுவும் தராமல் போனது.
எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.
தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை,
இருவரிடமும் ஒளிந்திருந்தது.

ஆறு வருடம்.
நோட்டில் ஐந்து கட்டம்:
காய் எத்தனை, நூறு மணி என்ன எடை,
தேமல் தாங்குமா, வெயிலில் வெடிக்குமா,
ஒரே சமயத்தில் முற்றுமா.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கதிர் நிற்கும்போதே
தைப்பனியில் தெளித்த வயல்.
மேலே பனி, கீழே சம்பா விட்டுப்போன ஈரம்,
அவ்வளவுதான் இதற்குப் பாசனம்.
அறுவடை மெஷின் போன தடத்திலும் முளைத்திருந்தது.
அறுபத்திரண்டாம் நாள் காலை
இருநூற்றுப் பதினேழாம் வரிசை
அடி முதல் நுனி வரை ஒரே கறுப்பு.
பக்கத்து வரிசைகளில் பூவும் பிஞ்சும் முற்றலும்
ஒரே கொத்தில் கிடக்க
இது மட்டும் சொன்ன சொல்லுக்கு நின்றது.
மாவுக்கு நூற்றுப்பத்து கிலோ வரும்.
அருள்நம்பி சார் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி
ஒரு காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.
"மெஷினை இறக்கிடலாம் நூரு."

வரப்பில் தையல்நாயகி.
இந்த வயலில் பதினாலு வருடமாகப் பயறு எடுப்பவள்,
ஆறுக்கு ஒன்று கூலி.
முந்தானையில் முடிந்த பையை அவிழ்க்காமலே கேட்டாள்:
"இது ஒரே எடுப்பாம்மா?"
"ஒரே எடுப்புதான்."
"அப்ப மூணாவது எடுப்பு?"

மூன்றாவது எடுப்புக்கு
மிராசு வீட்டில் கணக்குக் கேட்பதில்லை.
கொடியில் மிஞ்சியது பொறுக்கினவருக்கு.
சித்திரைக்கு முன்னால் அடகுக்கடையிலிருந்து
அவள் கம்மல் திரும்புவது அதில்தான்.
ஆறு வருடம் நானும் அந்தக் கம்மலைப் பார்த்திருக்கிறேன்,
சில மாதம் இருக்கும், சில மாதம் துடைப்பக்குச்சி இருக்கும்.
எந்தக் கட்டத்திலும் எழுதியதில்லை.

இருநூற்றுப் பதினேழை நான் கழிக்கவில்லை.
கழிக்க முடியாது. நல்ல பயறு அது,
தேமல் வந்த வருடம்
இவளுக்கும் கூலி இல்லாமல் போனதை மறந்துவிடவில்லை.
துணிப்பையில் கட்டி முத்திரை வைத்து
ஐந்து ஊர் சோதனைக்கு அனுப்பியாயிற்று.

அன்று மாலை
கழிக்க வேண்டிய தொண்ணூற்று நாலாம் வரிசையிலிருந்து
கைப்பிடி காயை மட்டும் எடுத்துவைத்தேன்.
சுமாரான விளைச்சல், மூன்று தவணையாய் முற்றும்.
குறிப்பு என்ற இடம் இரண்டு விரல் அகலம்தான்.
அதில் எழுதினேன்: மூன்றாம் எடுப்பு உண்டு.

சார் சிவப்பு மையில் வட்டம் போட்டு
ஓரத்தில் கேட்டிருக்கிறார்:
இது என்ன குணம்?

பதில் எழுதவில்லை இன்னும்.
ஆபீஸ் ஆணியில் தொங்கும் பழுப்புக் கவருக்குள்
மதிய வெயில் ஏற ஏற
ஒவ்வொன்றாக வெடிக்கிறது தொண்ணூற்று நாலு.
ஒன்று.
கொஞ்ச நேரம் கழித்து,
இன்னொன்று.