சுவருக்கு ஊற்றிய தண்ணீர்

வீட்டுக்கு மூன்று வயது.
வங்கிக் கடனுக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது.

முதலில் பீரோவுக்குப் பின்னால்
மாவு சிந்தியது போல ஒரு கோடு.
எறும்புப் பொடி என்று துடைத்தேன்.
மறுநாளும் எறும்புப் பொடி.
யாரும் பார்க்காத நேரத்தில்
நாக்கில் தொட்டுப் பார்த்தேன்.
உப்பு.

கச்சான் அடித்த இரண்டு மாதத்தில்
முழங்கால் உயரம் ஏறிவிட்டது.
ரோஸ் பெயிண்ட் அப்பளமாய்ப் புடைத்து
விரல் பட்டதும் நொறுங்கியது.
உள்ளே செங்கல்
செதில் செதிலாக முகம் உரித்துக்கொண்டிருந்தது.
ராத்திரி விளக்கணைத்தால்
அது தரையில் உதிர்வது கேட்கும்.
பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குக் கேட்காது.
தவணைத் தேதி நினைவில் இருப்பவர்களுக்குக் கேட்கும்.

கொழுந்தன் ததேயு கனடாவில் மீன் வெட்டுகிறான்.
படம் அனுப்பினேன்.
பதிலுக்கு அவனும் ஒரு படம் அனுப்பினான்:
அவன் வாடகைக்கு இருக்கும் வீடு, அதுவும் புதுசு,
அதே முழங்கால் உயரம், அதே செதில்.
"இங்க பனி, மதினி.
தண்ணி கல்லுக்குள்ள போயி ராத்திரி உறையும்,
உறைஞ்சா வீங்கும், பகல்ல உருகும், திரும்ப உறையும்.
அங்க என்ன கேடு?"

இங்கே பனி ஏது.
மூக்கையூரில் மார்கழியிலும்
ஃபேன் இரண்டில் ஓடும்.

சாயல்குடியிலிருந்து பூவலிங்கம் கொத்தனார் வந்தார்.
கரண்டியின் பிடியால் சுவர் நெடுகத் தட்டினார்.
டொக். டொக். டொக். பொத்.
பொத் என்ற இடத்திலெல்லாம் கரியால் வட்டம் போட்டார்.
"உப்புத்தண்ணி உள்ள காயுது.
காஞ்சா உப்பு கல்லாகுது.
கல்லுக்கு இடம் வேணும்ல?"
பிறகு கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்:
"கட்டும்போது எந்தத் தண்ணியில நனைச்சீங்க?"

அவர் வலையைப் பார்த்தார்.
நான் வட்டங்களை எண்ணினேன்.

அந்தக் கோடையில் டேங்கர் தண்ணீர்
குடம் பன்னிரண்டு ரூபாய்.
நாளைக்கு ஆறு குடம்:
உலைக்கு, குடிக்க,
சின்னவளின் தலைமுடிக்கு.
சுவருக்குக் கிணறு.
மாடும் வாய் வைக்காத கிணறு.
சாக்கைச் சுற்றி, பதினான்கு நாள், இரண்டு வேளை,
வாளி வாளியாக நான்தான் ஊற்றினேன்.
அத்தனையையும் மடக் மடக்கென்று குடித்தது.
பால் குடிக்கிற பிள்ளை மாதிரி இருக்கென்று
அன்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

பூவலிங்கம் குற்றம் எதுவும் சொல்லவில்லை.
செலவு சொன்னார்.
முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்,
கழுவவே கூடாது, கழுவினால் திரும்ப உள்ளே ஓடிவிடும்.
உதிர்ந்ததை அள்ளித் தூரக் கொட்ட வேண்டும்.
வட்டத்துக்கு மேலே ஒரு முழம் சேர்த்துப் பூச்சைக் கொத்த வேண்டும்.
பழைய பேப்பரைக் கூழாக்கி
ஈரத்தோடு சுவரில் அப்பி, காய்ந்ததும் உரிக்க வேண்டும்.
கூழ் உப்பை இழுக்கும்.
உப்புத் தீர்ந்தபிறகு சுண்ணாம்புப் பூச்சு.
சிமெண்ட் வேண்டாம், பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டவே வேண்டாம்,
சுவர் மூச்சு விடட்டும்.
"பேப்பர ஊறப் போடுறது மட்டும்
நல்ல தண்ணியா இருக்கணும்மா."

நல்ல தண்ணீர்
இப்போது குடம் பதினைந்து.

வரிசையில் பதினோரு குடத்தோடு நின்றேன்.
முன்னால் நின்ற ரெஜினா திரும்பிப் பார்த்தாள்.
"வீட்ல விருந்தாளியா?"
"ஆமா."
"எத்தன பேரு?"
"நாலு பேரு," என்றேன்.
வடக்குச் சுவரையும் சேர்த்துக்கொண்டேன்,
அது இன்னும் பொத் என்று சொல்லவில்லை என்றாலும்.

மூன்றாம் தடவை அப்பியதை நேற்று உரித்தேன்.
போன வருஷத்துத் தங்க விலை
தலைகீழாய்ச் செங்கலில் பதிந்திருந்தது.
தாளின் உள்பக்கத்தை நாக்கில் வைத்தேன்.
இருக்கிறது.
முன்பு போல இல்லை, ஆனால் இருக்கிறது.

அடுத்த டேங்கர் வெள்ளிக்கிழமை.