ஒன்றும் இருபத்திரண்டும்

கோல்கம்பம் ஒன்றுதான்.
அதற்கு முன்னால் நிற்க
எங்கள் குழு இரண்டு பேருக்குச் சம்பளம் தருகிறது.
அதாவது, தருவதாகச் சொல்கிறது.
மார்ச்சிலிருந்து பாக்கி.

ஊரில் ஒரே திடல்.
மூன்று பக்கம் செம்பனை, ஒரு பக்கம் கடைவரிசை.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
உடைமாற்றும் அறைக் கண்ணாடியில் பட்டியல் ஒட்டுவார்கள்.
நவநீதன் என்றிருந்தால் நான் பெஞ்சு.
என் பெயர் இருந்தால் அவன்.
ஆறு வருடத்தில் நாற்பத்தொரு ஆட்டம் எனக்கு.
அவனுக்கு எத்தனை என்று கேட்காதீர்கள்.
தெரியும், சொல்லமாட்டேன்.

எங்கள் சண்டை ஊரறிந்தது.
பயிற்சியில் அவன் என் விலாவில் முழங்கை வைத்தது,
நான் அவன் பூட்ஸைச் செம்பனைக்குள் வீசியது,
சாப்பாட்டுக் கடையில் வேறு வேறு மேசை.
தே தாரிக் ஆற்றுகிறவருக்கும் அத்துப்படி:
"ஒன்னு வந்தா இருவத்திரண்டு சுவரப் பாத்து உக்காரும்."
ஆலைக்குக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள்
இந்த வாரம் யார் என்று
பத்து வெள்ளி பந்தயம் கட்டுகிறார்கள்.

அதனால்தான்
ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு மேலே
ஒரே அறையில் இரண்டு பேர் இருப்பதை
யாரும் இரண்டாம் முறை யோசிக்கவில்லை.
பாவம், வாடகைக் கஷ்டம்.
என் அம்மா தோட்டத்து பஸ்ஸில்
ரசப்பொடி கொடுத்தனுப்புகிறாள், இரண்டு பொட்டலம்.
ஒன்றில் அவன் பெயர் எழுதியிருக்கும்,
நாங்கள் அடித்துக்கொள்ளாமலிருக்க.

சண்டை பொய் என்று நினைத்துவிடாதீர்கள்.
போன ஜூனில் அவன் சுண்டுவிரல் பிசகியபோது
எனக்குள் ஒருவன்
ஏற்கெனவே கையுறை மாட்டிக்கொண்டிருந்தான்.
அன்றிரவு அந்த விரலுக்கு ஐஸ் வைத்தவனும் நான்தான்.
"சந்தோஷமா?"
"ஆமா."
வலியோடு சிரித்தான்.
"இல்லன்னு சொல்லியிருந்தா
இப்பவே படியிறங்கிப் போயிருப்பேன்."
விளக்கை அணைத்தோம்.
கீழே போன ஒவ்வொரு லோரிக்கும்
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வடக்குக் கோலுக்குப் பின்னால்
எலி பிடிக்கத் தோட்டத்தார் வைத்த ஆந்தைப் பெட்டி.
இரவு ஆட்டத்தில் விளக்கு எரிந்ததும்
வெள்ளை முகம் எட்டிப் பார்க்கும்.
பெஞ்சில் இருப்பவனுக்கு மட்டும்
அதைப் பார்க்க நேரமுண்டு.
"இன்னைக்கு ரெண்டு வந்துச்சு" என்பான் வீட்டுக்கு வந்து.
ஆட்டத்தைப் பற்றி
வாய் திறக்கமாட்டான்.

நேற்று ஆந்தை முறை அவனுக்கு.
எண்பத்தெட்டாவது நிமிடம்,
சின்னப் பிள்ளை உதைத்ததுபோல் ஒரு பந்து
மழைத் தண்ணீரில் ஒருமுறை துள்ளி
என் கால்களுக்கு நடுவே
சாவகாசமாக உள்ளே போனது.

அறைக்குள் அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.
"லோரியே போகும்டா அந்தச் சந்துல!
கண்ண எங்க வெச்சிருந்த?"
பையன்கள் குளிக்கப் போகாமல் நின்றார்கள்.
பயிற்சியாளர்கூடத் தடுக்கவில்லை.
கத்திக்கொண்டே என் எதிரில் குந்தினான்.
கத்திக்கொண்டே என் வலது கையை இழுத்து
மடியில் வைத்துக்கொண்டான்.
ஈரத்தில் இறுகிப்போன டேப்பின்
நுனி தேடி,
தோல் இழுபடாதபடி
எச்சில் தொட்டுத் தொட்டு,
கட்டைவிரலிலிருந்து ஒவ்வொரு சுற்றாய்ப் பிரித்தான்.
ஏழாவது விரலில் திட்டு தீர்ந்துபோய்
பழைய திட்டையே
மறுபடி ஆரம்பித்தான்.

எல்லாரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
போன மாதம் வந்த பையன், மூன்றாம் கோல்கீப்பர்,
அவன் மட்டும்
கைகளைப் பார்த்தான்.
பிறகு குனிந்து
நன்றாகவே கட்டியிருந்த தன் பூட்ஸ் கயிற்றை
அவிழ்த்து,
திரும்பக் கட்டினான்.