டென்மார்க் அடி

கடுதாசிக் குழாய்க்குள் சுருண்டு வந்தது போர்க்கப்பல்.
பதின்மூன்று தாள்.
ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில்
கொப்பன்ஹேகனில் எவனோ ஒருவன்
இறகில் மை தொட்டு வரைந்தது.
பாதிதான் இருந்தது. மற்றப் பக்கம் இல்லை.
"அதுவும் இதுமாதிரித்தான், திருப்பிப் போடு"
என்றான் தம்பி நிக்சன், ஹேர்னிங்கிலிருந்து,
பன்றியிறைச்சித் தொழிற்சாலையின் இடைவேளையில்.

நில அளவைக் கந்தோரில் பதினெட்டு வருடம்
வேலியும் வாய்க்காலும் கீறிய கை என்னுடையது.
இரண்டு பக்கமும் ஒன்றாயிருந்த காணியை
இதுவரை கண்டதில்லை.
ஆனாலும் திருப்பிப் போட்டேன்.

கால் அங்குலம் ஓர் அடி என்று கணக்கு.
குருநகர்த் துறையில் வள்ளம் திருத்தும் பாவிலு
பூவரசங் கவர் ஒரு சாக்கு நிறையத் தந்தான்.
"வங்குக்கு மரத்தை வளைக்காதையுங்கோ அக்கா,
வளைஞ்சதைத் தேடுங்கோ."
தேடினேன். முப்பத்தொரு வங்கு.
பலகையில் கவிழ்த்து நிறுத்தியபோது
கருவாட்டு முள்ளுப்போல் இருந்தது
டென்மார்க் அரசரின் கடற்படை.

ஏரா அவன் அனுப்புவதாகப் பேச்சு.
அந்த நாட்டு ஓக் மரம், அவனே அறுத்தது.
வந்தது. வைத்தேன்.
கடையார்ப் பக்கம் முக்கால் அங்குலம்
வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"நான் சரியாய்த்தான் வெட்டினனான்."
"நானும் சரியாய்த்தான் கீறினனான்."
கைபேசிக்குள் கொஞ்ச நேரம்
அவனுடைய மழை மட்டும் கேட்டது.

தாளின் அடியில் ஒரு கோடு, சிறு சிறு கட்டங்களோடு.
அழகுக்குப் போட்டதென்று
பூதக்கண்ணாடி வைக்காமல் விட்டிருந்தேன்.
அது அவர்களுடைய அடி.
எங்கள் வெள்ளைக்காரன் விட்டுப்போன அடியைவிட
ஒரு சுண்டுவிரல் அகலம் நீளம்.
அவன் அந்த அடியில் வெட்டியிருக்கிறான்.
நான் இந்த அடியில் கீறியிருக்கிறேன்.

"ஏராவை நறுக்கிவிடுங்கோ" என்றான் பாவிலு.
எனக்கு மனம் வரவில்லை.
பசையை வெந்நீரில் இளக்கி
வங்கு வங்காய்க் கழற்றி
இடைவெளி ஒவ்வொன்றுக்கும்
ஒரு நகத்தின் தடிப்பைக் கூட்டினேன்.
இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.

நீளம் அவனுடையது, அகலம் என்னுடையது.
இப்படியொரு கப்பலை
எந்த அரசரும் கட்டச் சொல்லியிருக்கமாட்டார்.

பீரங்கி இருபத்துநாலும்
கொழும்புச் சுங்கத்தில் கிடக்கின்றன.
படிவத்தில் 'பீரங்கி' என்றே எழுதியிருக்கிறான், மடையன்.
யாழ்ப்பாண விலாசத்துக்கு!
எழுதித் தீர்ந்த பேனைக் குச்சிகளை
அரை அங்குலமாய் வெட்டிச் சொருகினேன்.
சிலதில் நீல மை இன்னும் கசிகிறது.

நேற்று, தட்டும் அடித்து மெழுகும் பூசி,
எதிர்வீட்டு றெஜினாவின் பேசனில் விட்டோம்.
அணியம் நிமிர்ந்தது.
பிறகு மெதுவாய் இடப்பக்கம் சரிந்தது,
வரைந்திருந்த பக்கம்.

பாவிலு ஒன்றும் சொல்லவில்லை.
நான் தூண்டில் ஈயத்தில் ஒரு துண்டு கிள்ளி
வலப்பக்க வங்கடியில் வைத்தேன்.
இன்னொரு துண்டு.
நின்றது.

படம் அனுப்பினேன். நீலச் சரி இரண்டு விழுந்தது.
பதில் இல்லை, அங்கே வேலை நேரம்.
றெஜினா பேசனைக் கேட்டு நிற்கிறாள்,
மீன் வந்திட்டுதாம்.