மூலப்படி

டொங்காட் நூலகத்தில் வந்திறங்கின
முப்பத்தொன்பது கணினிகள், அட்டைப்பெட்டி வாசனையோடு.
எட்டு மணிக்கு மின்வெட்டு.

ஒன்று சரியாக இருந்தால் போதும்,
மற்றதெல்லாம் அதன் நகல்.
போன மாதமே மாதிரிக்கு வந்தது
முன்மேசையில் தேஷினியிடம் இருந்தது.
அதை அப்படியே படியெடுத்தேன்:
இயங்குதளம், எழுத்துரு, அச்சுப்பொறி,
அவள் வைத்திருந்த கடல் படம் உட்பட.

ஏழு இருபதுக்குக் கடைசிப் பட்டையும் பச்சையானது.
வரிசையாய் நடந்து திறந்து பார்த்தேன்.
குப்பைத்தொட்டிக்குக் கீழே ஒரு கோப்பு,
பெயர் 'ராஜினாமா 3'.

மதிப்பிற்குரிய திரு. நாயக்கர் அவர்களுக்கு,
பதினோரு வருடங்களாக நான்

அவ்வளவுதான்.
நாற்பது திரையிலும்
'நான்' வரைக்கும் வந்து நின்றிருந்தாள்.

ஓடி ஓடி அழித்தேன், முப்பத்தொன்பது தடவை.
அவளுடையதைத் தொடவில்லை.
மின்சாரம் போன பிறகுதான் உறைத்தது:
பைக்குள் இருக்கும் வட்டில்
மூலப்படி, கடிதத்தோடு.
இனி இங்கே எந்தக் கணினி செத்தாலும்
அதிலிருந்துதான் எழும்பும்.

காலையில் தேஷினி தேநீர் நீட்டினாள்.
"என் கணினி படுத்துட்டா
எல்லாம் திரும்பி வந்துடுமா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்தது வரும்."

கோப்பையின் காதைத் திருப்பி வைத்தாள்.
"அதுக்கப்புறம் எழுதினது?"

"அது வராது" என்றேன்.